வரிசைத் தட்டில் வந்த டியூப்

உங்கள் மேக்கப் பெட்டிகளைத் திறந்து காட்டினீர்களே பிள்ளைகளா, எனக்கு மயக்கம் வராத குறைதான். கண்ணுக்குக் கீழே பூச மட்டும் ஆரஞ்சில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, தோல் நிறத்தில் வரிசையாகப் பல! நான் ராஜபாளையத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் பார்லர் திறந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பேன்கேக் பூச்சு, ஒரு கோல்டு க்ரீம், பன்னீர், கிளிசரின், தளவாய்புரத்தில் தைத்து வாங்கிய மேலங்கிகள், அவ்வளவுதான். பஞ்சுக்கு மட்டும் கவலையே இல்லை. பேண்டேஜ் துணியும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் தயாராகிற ஊர் அது. எண்பதுகளின் நடுவில், அடுத்தவர் முகத்தைத் துடைத்துவிட ஒருத்தி கடை வைக்கிறாளாமே என்று தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பிறகு இந்த எஸ்தர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அது கிடக்கட்டும்.

கண்ணுக்குக் கீழே விழும் சுருக்கத்தை அந்தக் காலத்தில் எப்படி மறைத்தீர்கள் என்று இந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை கேட்டாள். மறைப்பதற்கு முன்னால் தோலின் தாகத்தைத் தீர்க்க வேண்டும். குளிர்ந்த பாலிலோ பன்னீரிலோ நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வை. க்ரீமைத் தொட்டு வைத்துவிட்டு, அது உள்ளே இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. சும்மா இருக்கத் தெரியாமல் கெட்ட மேக்கப்தான் அதிகம். பிறகு பூச்சு, அதுவும் மோதிர விரலால் ஒற்றி. தேய்த்தால் விரலை ஒடிப்பேன். பெண்ணைச் சிரிக்கச் சொல்லு. சிரிக்கும்போது கோட்டில் தேங்கி நிற்பதை எடுத்துவிட்டு, பேருக்குக் கொஞ்சம் பவுடர். வீடியோ வந்த பிறகு இதில் பிழைத்தவர்கள் குறைவு. போட்டோவாக இருந்தவரை ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் சரிபண்ணிவிடுவார். வீடியோக்காரனின் அந்தப் பெரிய லைட் யாருக்கும் தயவு பார்க்காது.

கை வேலை இவ்வளவுதான். மீதியை உங்கள் டீச்சரிடம் கேளுங்கள். நான் சொல்ல வந்தது கோமதியின் கண்ணைப் பற்றி. தொண்ணூறுகளில் நடந்தது.

கோமதி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா பால்வாடியில் ஆயாவாக இருந்தார். ஒரே மகளுக்கு ராஜபாளையத்தில் நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மெடிக்கல் கடைகளுக்குப் பேண்டேஜ் துணி சப்ளை செய்கிறவர். நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் தாத்தா தவறிவிட, கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அது முடிந்து மறுபடி நாள் குறித்த பிறகுதான் அம்மாவும் மகளும் என் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"எஸ்தரக்கா, கண்ணுக்குக் கீழ மட்டும் பாத்து விடுங்க. மத்தபடி எம்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் அம்மா.

ஜன்னல் வெளிச்சத்தில் கோமதியை உட்கார வைத்தேன். கன்னம் நல்ல நிறமாக, பளபளவென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, கோடு கோடாகச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கண்ணை மட்டும் பார்த்தால் நாற்பதைத் தாண்டிய பொம்பளை என்பீர்கள்.

"பிள்ளைக்கு வயசு என்ன?"

"இருபத்திரெண்டுக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வாயை அடக்கத் தெரியாதவள். "ஏம்மா, ஊருக்குத்தான் வயசைக் குறைக்கீங்க, பவுடர் போட வந்தவகிட்டயுமா குறைக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மகளின் தலையில் கையை வைத்து, "எம்பிள்ளை மேல சத்தியமா இருபத்திரெண்டுதான்" என்று அழுதார். முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கோமதியிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சோப்பும் பவுடரும்தான்" என்றாள். நான் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. வயது எதுவாக இருந்தால் எனக்கென்ன, கண்ணை மறைப்பதுதானே என் வேலை என்று கல்யாணத்தை ஒப்புக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தின் மணமகள் அறையில் வேலையைத் தொடங்கினேன். வெறும் பன்னீரில் நனைத்த பஞ்சுதான். கண்ணுக்குக் கீழே வைத்ததும் கோமதி "ஸ்ஸ்" என்று துடித்துப்போனாள். பஞ்சை எடுத்துப் பார்த்தால் அந்த இடம் சிவந்துவிட்டது. சிவப்பு நூல் ஓடுகிற மாதிரி நரம்புகள் வெளியே தெரிந்தன. பன்னீர் எரிகிற தோலை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "ஏட்டி, உண்மையைச் சொல்லு. மூஞ்சில என்னத்தப் பூசுத?"

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் பெட்டியில் மடித்த சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு டியூபை எடுத்து என் கையில் வைத்தாள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய டியூப். வாங்கிப் படித்தேன். என் மகனுக்குக் காலில் கரப்பான் புண் வந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த அதே வகை மருந்து. நான் சொன்ன நாளுக்கு மேல் பூசாதே, முகத்துப் பக்கமே கொண்டுபோகாதே, தோல் மெலிந்துவிடும் என்று அவர் மிரட்டி அனுப்பியிருந்தார்.

"யேசப்பா! இதை எம்புட்டு நாளாப் பூசுத?"

"நிச்சயத்துல இருந்துக்கா. காலையிலயும் ராத்திரியும்."

"யாரு குடுத்தா?"

"அத்தைதான். வரிசைத் தட்டுல வந்துச்சு."

உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டுகளில் ஒரு தட்டு பெண்ணின் முகத்துக்கு என்றே இருக்கும். சோப்பு, பவுடர், ஸ்நோ க்ரீம், சீப்பு, கண்ணாடி எல்லாம் அடுக்கி வைப்பார்கள். கோமதிக்கு வந்த தட்டில் இந்த டியூபும் இருந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா சந்திரா அவளைத் தனியே கூப்பிட்டு, இது கண்ட கடையில் கிடைக்கிற ஸ்நோ இல்லை, மெடிக்கல் கடையில் நமக்கென்று எடுத்து வைப்பது, வெளியே யாரிடமும் சொல்லாதே என்று காதோடு சொல்லியிருக்கிறார். தீர்ந்தால் அடுத்த டியூபும் வந்துவிடும்.

"அவிய ஆசையாக் குடுத்ததைப் பூசாம இருந்தா மரியாதையா இருக்குமாக்கா?" என்றாள் கோமதி. "பூசினதும் நல்லா கலர் வந்துச்சு. தெருவே கேட்டுச்சு. பொறவு கண்ணுக்குக் கீழ இப்படி ஆயிட்டுது. நிறுத்திப் பாத்தேன். மூஞ்சியெல்லாம் தீயா எரிஞ்சுது. மறுபடி பூசினாத்தான் எரிச்சல் நிக்குது."

ஊரார் புண்ணுக்குக் கட்டுத்துணி விற்கிற வீடு. வரப்போகும் மருமகளின் முகத்துக்கு அங்கிருந்தே இப்படி ஒன்று வந்திருக்கிறது. இருபத்திரெண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து வயதைக் குறைக்கிறாயா என்று கேட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்? முகூர்த்தம் முடிந்ததும் தோல் டாக்டரிடம் போக வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். துளி தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்து, வழக்கமாகப் போடுவதில் பாதிகூட இல்லாமல், இறகு படுகிற மாதிரி ஒற்றி ஒற்றி எடுத்தேன். தெய்வாதீனமாக அது நன்றாகவே அமைந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கோமதியின் வயது திரும்பி வந்திருந்தது. அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மேடையில் உட்கார வைத்தோம். கணவன் இல்லாதவள் மேடை ஏறக் கூடாது என்று யாரோ சொல்லி, கோமதியின் அம்மா தூணோரம் நின்றார். அந்த நேரம் பார்த்து வத்திராயிருப்பிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூத்த அக்கா. அவர் தும்மினால் அந்த வீடே எழுந்து நிற்கும். முந்தின நாள் சாயங்காலம் நடந்த நலங்கில் தான் இல்லையாம். தன் கை படாமல் தாலி ஏறக் கூடாதாம். சந்தனமும் மஞ்சளும் குழைத்த கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "அம்மா, மேக்கப் போட்டாச்சு. கன்னத்துல ஒரு பொட்டு தொட்டு வச்சாப் போதும்மா, முறை ஆயிடும்."

"நீ யாருடி எனக்கு முறை சொல்ல? தள்ளு" என்றார். உள்ளங்கை நிறையச் சந்தனத்தை எடுத்து, கோமதியின் முகத்தில் கன்னம் முதல் நெற்றிவரை அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் பட்டதும் பிள்ளைக்குக் கண்ணீர் கொட்டியது. "என்னட்டி இது, சுவத்துல சிமிண்டு பூசின மாதிரி?" என்று சொல்லிக்கொண்டே ஈரத் துண்டை வாங்கி முகத்தை வழித்துத் துடைத்துவிட்டார். வீடியோக்காரன் புண்ணியவான், அந்த நேரம் பார்த்து லைட்டை முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

கூட்டம் எழுந்து பார்த்தது. சிவந்து எரிகிற முகம். அதில் நாற்பது வயதுக் கண்கள்.

"அடி ஆத்தே! இது கிழவி கண்ணுல்லா!" அத்தையின் குரல் சமையல்கட்டுவரை கேட்டிருக்கும். "ஏலே தம்பி, உன்னை ஏமாத்திட்டாங்கலே! முப்பத்தஞ்சு வயசுக்காரியை மை பூசி மணையில உக்கார வச்சிருக்காளுவ!"

கோமதியின் அம்மா தூணை விட்டுவிட்டு மேடைக்கே ஓடி வந்துவிட்டார். "பத்தாவது சர்டிபிகேட்டு இருக்கும்மா, சாதகம் இருக்கும்மா" என்று காலில் விழப் போனார்.

"சாதகத்தை மாத்தி எழுத எம்புட்டு நேரம் ஆகும்? எங்களுக்குத் தெரியாதா? மேளத்தை நிறுத்துங்கய்யா!"

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, வயது விஷயம் தெரியாமல் மேற்கொண்டு நடக்காது என்றார். மாப்பிள்ளை என்று ஒரு ஜீவனும் அங்கே இருந்தார். மாலையின் பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். நல்லவர்தானாம், பிறகு சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

டியூப் என் இடுப்புப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். எடுத்து நீட்டி, "இது உங்க வீட்டுல இருந்து வந்தது" என்று சொன்னால் முடிந்தது. நான் பைக்குள் கையை விட்டேன். கோமதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமான பிடியை அந்தப் பிள்ளையிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லிராதீங்கக்கா" என்றாள், உதடு மட்டும் அசைய. "இம்புட்டுச் சனத்துக்கு முன்னால மாமியாரைக் காட்டிக் குடுத்துட்டா, நான் அந்த வீட்டுல எப்படி வாழுவேன்?"

யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளா. சொன்னால் இன்றைக்குத் தாலி ஏறும். ஆனால் மாமியாரை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்தவள் என்ற பேரோடு அவள் அந்த வாசலில் கால் வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் வயதை மறைத்த குடும்பம் என்ற பேரோடு அம்மாவும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தலை காட்ட முடியாது. அவளுக்கு அப்புறம் எவன் வருவான்? மேக்கப் போட வந்தவள் கையில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் நான் சந்திராவைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா. இவ்வளவு கூத்திலும் கோமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேர்த்து ஊற்றியது. முந்தானையால் முகத்தை ஒற்றினார். ஒற்றிய இடத்தில் பவுடர் கலைந்தது. வீடியோ லைட் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் கண்ணுக்குக் கீழேயும் அதே சருகு. அதே சிவப்பு நூல்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, உங்களுக்கு வேர்வையில பவுடர் கலைஞ்சிட்டுது. வீடியோ எடுக்காங்க. செத்த நேரம் உள்ள வாங்க, சரி பண்ணி விடுதேன்" என்றேன். "கல்யாணமே நிக்குது, இவளுக்குப் பவுடரு ஒரு கேடா?" என்று அத்தை கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. ஒரு கையில் சந்திரா, இன்னொரு கையில் கோமதி. மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டேன்.

யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, சந்திராவின் கண்ணுக்குக் கீழே இருந்த பவுடரை மெல்ல எடுத்தேன். பிறகு டியூபை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

சந்திரா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார். மறுபடி தன்னைப் பார்த்தார்.

"எனக்கு வயசாகுதுன்னுல்லா நினைச்சேன்" என்றார். "ஏழெட்டு வருசமாப் பூசுதேன். வயசுதான்னு நினைச்சேன். இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"இருபத்திரெண்டும்மா. இது வயசு இல்ல. மருந்து. கொஞ்ச நாளைக்கு மேல மூஞ்சில பூசவே கூடாது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோமதியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு வத்திராயிருப்பு மதினி வாசல்ல நிக்க வச்சே சொன்னாவ, 'ஏலே தம்பி, அடுப்புக் கரியையா கட்டிட்டு வந்திருக்க?'ன்னு. அன்னையில இருந்து எனக்குக் கரின்னுதான் பேரு. என் மகன் பொறந்த பொறவும் அந்தப் பேரு போகல. இந்த டியூபு வந்த பொறவுதான் அவிய வாய் மூடுச்சு. உன்னையும் வாசல்ல நிக்க வச்சு அப்படிச் சொல்லிரக் கூடாதேன்னுதான் குடுத்தேன் தாயி. நீ என்னை மாதிரி கேக்கக் கூடாதுன்னுதான்."

கோமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அறைக்குள் வந்தபோது அந்தப் பொம்பளைமேல் எனக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வெளியே கதவைத் தட்டினார்கள். நான் அவசரமாகப் பேன்கேக்கை எடுத்து, "சீக்கிரம் போட்டு விடுதேன்மா, நீங்க எப்படியாவது உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் காதோட சொல்லி..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"வேண்டாம். இப்படியே வாரேன்."

முகத்தில் துளிப் பவுடர் இல்லாமல், கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்திரா மேடைக்குப் போனார். நாத்தனாருக்கு எதிரே போய் நின்றார். வீடியோக்காரனிடம், "தம்பி, அந்த லைட்டை இங்கன அடி" என்றார். அவன் பதறிப்போய்த் திருப்பினான்.

"மதினி, கிழவி கண்ணுன்னியளே. என் கண்ணையும் பாருங்க. அவ கண்ணையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

அத்தை பின்னால் ஒரு எட்டு வைத்தார்.

"இது வயசு இல்ல. நான் கலருக்குப் பூசின மருந்து. நான்தான் இவளுக்கும் தட்டுல வச்சுக் குடுத்தேன். ஏன் பூசினேன்னு உங்களுக்குத் தெரியும். இந்தச் சனத்துக்குத் தெரியாது. சொல்லட்டுமா?"

சந்திராவின் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் பெண்டாட்டி இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லையோ என்னமோ. மாப்பிள்ளை ஒருவழியாகப் பூவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு, "மேளத்தை வாசிங்கய்யா" என்றார். அறையலாம் என்று நினைத்த எண்ணத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எரிகிற முகத்தில் மறுபடி பூச நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரத் துணியால் ஒற்றி, எண்ணெய் தொட்டு, பொட்டை மட்டும் வைத்துவிட்டேன். சிவந்த முகத்தோடுதான் கோமதிக்குத் தாலி ஏறியது. கூப்பிட்டுக்கொண்டு வந்து கோமதியின் அம்மாவை மேடையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதும் சந்திராதான். அதையும் யாரும் தடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் இவ்வளவு பதற்றத்தோடு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் மணமகள் அறையில் என் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கோமதி மூலையில் ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு மெல்லத் திறந்தது. வத்திராயிருப்பு அத்தை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் போலும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

"ஏம்மா, அந்த டியூபுக்குப் பேரு என்ன?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"கலரு வருதுல்லா. என் மகளை அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராக. அவ கொஞ்சம் நிறம் கம்மி. கண்ணுக்குக் கீழ மட்டும் படாமப் பூசிக்கிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

கையில் இருந்த பவுடர் டப்பா கீழே விழுந்துவிட்டது. யேசப்பா, சற்று முன்னால்தானே இதே பொம்பளை மேளத்தை நிறுத்தினாள்? இரண்டு முகத்தையும் லைட் போட்டுப் பார்த்தாளே? எத்தனையோ முகங்களை அருகில் பார்த்தவள் நான். அப்படி ஒரு முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோமதிதான் எழுந்து வந்தாள். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. துணியை எடுத்துவிட்டு அத்தையின் முன்னால் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள்.

"பேரு சொல்லுதேன் பெரியம்மா. முதல்ல இதைத் தொட்டுப் பாருங்க" என்று அவர் விரலைப் பிடித்துத் தன் கண்ணுக்குக் கீழே கொண்டுபோனாள். "நல்லா தொட்டுப் பாருங்க. உங்க மகளுக்கும் இந்த இடம் இப்படித்தான் ஆகும். பாத்துட்டுச் சொல்லுங்க, பேரு சொல்லுதேன்."

காலையில் அதே முகத்தை அதே கைதான் அழுத்தித் தேய்த்து வழித்தது. இப்போது விரல் தோலுக்கு அருகில் போய் நின்றது. தொடவில்லை. அத்தை கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கோமதி அசையாமல் காத்திருந்தாள். அத்தை திரும்பி, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்கவில்லை.